காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர், லாக்கு செத்துப்போச்சு, 2003 ஃபைல் எதுவும் தொறக்கல

கேள்வி: 4 ஜூன் 2023, இரவு 10.15

பாம்பே சயான் கோலிவாடால இருக்கேன். அப்பா டிடிபி கடை வெச்சிருந்தாரு, 2009ல மூடிட்டாரு. எங்க பாட்டி பாடுற ஒப்பாரி, தாலாட்டு எல்லாத்தையும் 2003ல அப்பா உக்காந்து டைப் பண்ணி சின்ன புக்கா போட்டாரு. பாட்டி போன மாசம் தவறிட்டாங்க. வீட்ல ஒரே ஒரு புக்குதான் இருக்கு, அதுலயும் நடுவுல எட்டு பக்கம் கரையான் தின்னுருச்சு. ஃபைல் எல்லாம் சிடில பத்திரமா இருக்கு, ஆனா அந்த தமிழ் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டர் பின்னாடி சொருகற லாக்க கேக்குது, லாக்கு வேலை செய்யல, கம்பெனி நம்பர் போட்டா உபயோகத்துல இல்லன்னு வருது. பில்லு கூட இருக்கு. லாக்கு இல்லாமலே ஓட வைக்கற கிராக் போட்டா தப்பா? வருஷ திதிக்குள்ள புக்க திரும்ப போடணும்.

4 ஜூன் 2023, இரவு 11.50

கிராக் போடாத. தப்பா சரியான்னு அப்புறம் பேசலாம், முதல்ல அது உனக்கு உதவாது. தீப்பெட்டி சைஸ்ல சாம்பல் கலர் லாக்குதானே, ரெண்டு பக்கமும் 25 பின்னு, பிரிண்டர் போர்ட்ல சொருகி அது மேல பிரிண்டர் கேபிள மாட்டணும்? அப்ப நான் வெச்சிருக்கறதும் அதேதான். தாராவி 90 அடி ரோட்ல அண்ணாச்சி பிரஸ்ல 1998ல ஆபரேட்டரா சேந்தேன், அடுத்த வருஷம் அண்ணாச்சி 14,000 ரூபா எண்ணிக் குடுத்து இத வாங்கினாரு, அப்ப என் மாசச் சம்பளம் 1,800. வாங்கின அன்னைக்கு லாக்குக்கு சந்தனம் குங்குமம் வெச்சாரு.

மிஷின் ரெண்டு, லாக்கு ஒண்ணு. இந்த மிஷின்ல இருந்து கழட்டி அந்த மிஷின்ல போடணும்னா ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டுதான் கழட்டணும், இல்லன்னா போர்ட் போயிடும்னு இன்ஸ்டால் பண்ண வந்தவரு கண்டிப்பா சொல்லிட்டாரு. வைகாசி ஆனி மாசம் கல்யாணப் பத்திரிகை குவிஞ்சு கெடக்கும்போது ஒரு ஆபரேட்டர் மேட்டர் அடிப்பா, இன்னொருத்தி கைய கட்டிட்டு உக்காந்திருப்பா. அடுத்த சந்துல ஒரு கடைக்காரரு லாமிங்டன் ரோட்ல திருட்டு சிடி வாங்கிட்டு வந்து அதே சாஃப்ட்வேர நாலு மிஷின்ல ஓட்டினாரு, அவருக்கு லாக்கும் இல்ல காத்திருப்பும் இல்ல. காசு குடுத்த எங்களுக்குத்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை. இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அது ஆறல எனக்கு.

சரி உன் விஷயம். அந்த சாஃப்ட்வேர் செய்யறது ரெண்டே வேலை, ஒண்ணு கீபோர்டு, இன்னொண்ணு ஃபான்ட். லாக்கு இருந்தாத்தான் ஃபான்ட் மெமரிக்கு ஏறும். ஃபைல் பேஜ்மேக்கர்னு பக்கம் அமைக்கற வேற சாஃப்ட்வேரோட ஃபைல்தான், அது தொறக்கும், ஆனா தமிழுக்கு பதிலா ஐரோப்பிய எழுத்து மேல புள்ளியும் கொம்பும் வெச்சு கோணல்மாணலா தெரியும். தெரியுதா இல்லையான்னு பாத்து சொல்லு. தெரிஞ்சா அழாத, பாட்டி பாட்டு உள்ளதான் இருக்கு.

5 ஜூன் 2023, காலை 7.20

விட்டுப்போனது. பிரிண்டர் போர்ட் இல்லாத புது மிஷின்ல யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் வாங்கி போடலாம்னு யாராவது சொல்வாங்க, காச வீணாக்காத. அந்த கேபிளுக்கு பிரிண்டர் கிட்ட பேசத்தான் தெரியும். பழைய லாக்கு சாஃப்ட்வேர் நேரா 378ங்கிற அட்ரஸ்ல போய் கதவ தட்டும், அங்க ஆளு இருக்காது. உள்ள சொருகுற கார்டு வாங்கினேன், அதுக்கு மிஷின் வேற அட்ரஸ் குடுத்துருச்சு, அதுவும் ஆகல. 64 பிட் விண்டோஸ்ல அந்த காலத்து டிரைவர் ஏறவே ஏறாது. அதனாலதான் இன்னைக்கும் என் கடை மூலைல ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி மிஷின் உக்காந்திருக்கு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, அதுக்கு நெட் குடுக்கவே மாட்டேன், பென்டிரைவ் போறதுக்கு முன்னாடி கூட ஸ்கேன் பண்ணித்தான் போகும்.

5 ஜூன் 2023, இரவு 11.05

கீழ ஒருத்தர் கேட்டிருக்காரு, லாக்கு ஏன் செத்துச்சு, சும்மா இருக்கற சாமான் கெட்டுப்போகுமான்னு. உன் லாக்கு ஏன் போச்சுன்னு எனக்கு தெரியாது தம்பி. என்னோடது 2005 ஜூலை 26.

அன்னைக்கு பாம்பேல இருந்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர். மத்தியானம் ரெண்டு மணிக்கு மழை சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு, நாலு மணிக்கு கடைக்குள்ள முழங்கால் தண்ணி, கலர் கலரா சாக்கடை. நானும் அண்ணாச்சியும் பேப்பர் கட்ட தூக்கவா மிஷின தூக்கவான்னு முழிச்சு, மானிட்டர விட்டுட்டு ரெண்டு சிபியூவயும் பரண்ல ஏத்தினோம். ஏத்தற அவசரத்துல கேபிள புடிச்சு இழுத்தேன், லாக்கு கேபிளோட சேந்து கழண்டு தண்ணில விழுந்திருக்கு, எனக்கு தெரியல. மறுநாள் மத்தியானம் சேத்துல கால விட்டு துழாவித்தான் எடுத்தேன். பின்னுக்கு நடுவுல எல்லாம் களிமண்ணு. பல் தேய்க்கற பிரஷ்ஷால தேச்சு, பெட்ரோல்ல கழுவி, அரிசி டப்பால ரெண்டு நாள் பொதைச்சு வெச்சேன். வேலை செஞ்சுது! அண்ணாச்சி அன்னைக்கு எல்லாருக்கும் வடாபாவ் வாங்கிக் குடுத்தாரு. ஆனா அதுக்கப்புறம் அதுக்கு மனசு வந்தா ஓடும், இல்லன்னா லாக்க காணோம்னு வரும்.

கம்பெனிக்கு போன் பண்ணோம். பழச கூரியர்ல அனுப்புங்க, பாதி விலைய கட்டுங்க, மூணு வாரம் ஆகும்னாங்க. தொலைஞ்சுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு அண்ணாச்சி சும்மா கேட்டாரு, தொலைஞ்சா முழு விலைக்கு புதுசுதான் வாங்கணும்னாங்க. ஊரே முழுகிக் கெடக்கு, நாங்க காசு குடுத்தவங்கன்னு அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு, மூணு வாரம் கடைய என்ன செய்யறது? அனுப்பல. அந்த களிமண் லாக்கோடயே 2014 வரைக்கும் ஓட்டினோம்.

6 ஜூன் 2023, மாலை 4.30

திருத்தம். பீரோல ரசீது தேடினேன். அனுப்பலன்னு மேல எழுதினது தப்பு, 2006 பிப்ரவரில 6,500 ரூபாய்க்கு மாத்து லாக்கு வாங்கியிருக்கோம், அண்ணாச்சி கையெழுத்து இருக்கு. எனக்கு சுத்தமா மறந்துபோச்சு. அப்ப என்கிட்ட இருக்கறது எதுன்னு எடுத்து பாத்தேன், பின்னடியில களிமண் கறை இருக்கு. பழசுதான். ஆக பழச திருப்பிக் குடுக்காம எப்படி மாத்து வாங்கினாருன்னு தெரியல, கேக்க அண்ணாச்சியும் இல்ல, 2012ல போயிட்டாரு. மாத்து லாக்கு அவர் வீட்டுக்கு கொண்டுபோன ரெண்டாவது மிஷினோட போயிருக்கும்னு நெனக்கறேன். அவர் மக பேலாப்பூர்ல இருக்கா, கேட்டுப் பாக்கறேன்.

9 ஜூன் 2023, இரவு 10.40

சட்டம் கேட்டீங்க. நான் வக்கீல் இல்ல, பத்திரிகை அடிக்க வர்ற ஒரு வக்கீல் சார்கிட்ட உக்காந்து கேட்டு, சட்டத்த நானும் படிச்சேன். நம்ம காப்பிரைட் சட்டம் 1957. அதுல 52ஆவது பிரிவு, முறைப்படி வாங்கி வெச்சிருக்கறவன் அந்த புரோகிராம அது எதுக்கு வித்தாங்களோ அதுக்கு பயன்படுத்தறதுக்காக நகல் எடுக்கலாம், கெட்டுப்போச்சுன்னா பாதுகாப்புக்குன்னு ஒரு நகல் வெச்சுக்கலாம்னு சொல்லுது. 2012ல திருத்தம் வந்து 65ஏ சேத்தாங்க, பூட்ட உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, அபராதம். இதப் பாத்துட்டுத்தான் எல்லாரும் பயப்படறாங்க. ஆனா முழுசா படிங்க: உரிமைய மீறணும்ங்கிற எண்ணத்தோட உடைச்சாத்தான் குத்தம், சட்டம் வெளிப்படையா தடுக்காத காரியத்துக்கு செஞ்சா அது குத்தம் இல்லன்னு அடுத்த வரிலயே இருக்கு. தெரிஞ்சே திருட்டு நகல பயன்படுத்தறது வேற, அதுக்கு 63பி, கொறஞ்சது ஏழு நாள்ல இருந்து மூணு வருஷம் வரைக்கும்.

அமெரிக்காவுல 1998ல வந்த டிஎம்சிஏ சட்டம் நம்மள விட கெடுபிடி, பூட்ட உடைக்கறதே குத்தம். ஆனா மூணு வருஷத்துக்கு ஒருதடவை எதுக்கெல்லாம் விலக்குன்னு அவங்க நாடாளுமன்றமான காங்கிரஸோட நூலகம் மூலமா அறிவிக்கறாங்க. 2003ல மொத்தமே நாலு விலக்கு, அதுல ஒண்ணு என்ன தெரியுமா, கெட்டுப்போய் வழக்கொழிஞ்ச டாங்கிள், அதாவது இந்த மாதிரி லாக்கு, போட்ட புரோகிராம். நம்ம கதைதான்! நான் லாக்க அரிசி டப்பால பொதைக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எங்கயோ ஒருத்தன் இதே கஷ்டத்த பட்டு எழுதிக் குடுத்து வாங்கியிருக்கான்னு படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

9 ஜூன் 2023, இரவு 11.30

வக்கீல் சார் கடைசில சொன்னத எழுத மறந்துட்டேன். லைசென்ஸ் பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களாம்மா, நீங்க சாஃப்ட்வேர வாங்கல, பயன்படுத்த அனுமதிதான் வாங்கியிருக்கீங்கன்னாரு. சரி சார், சாஃப்ட்வேர் அவங்களது, ஒத்துக்கறேன். நான் அடிச்ச மேட்டர் யாருதுன்னு கேட்டேன். அது உங்க கஸ்டமரோடதுன்னாரு. அப்ப அத ஏன் அவங்க பூட்டி வெச்சிருக்காங்க? இதுக்கு அவர் பதில் சொல்லல, டீய குடிச்சுட்டு போயிட்டாரு.

12 ஜூன் 2023, மத்தியானம் 1.10

"அந்த பேஜ்மேக்கர் ஒரிஜினலா அக்கா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நியாயமான கேள்வி. இல்ல. 2008 வரைக்கும் அது லாமிங்டன் ரோட்டு சிடிதான், நூறு ரூபா. எங்களுக்கு தெரியும், தெரிஞ்சேதான் ஓட்டினோம். தமிழ் சாஃப்ட்வேர மட்டும் ஏன் காசு குடுத்து வாங்கினோம்னா அத எழுதினவரே மெட்ராஸ்ல இருந்து ரயிலேறி வந்து கடைல நின்னாரு. ரெண்டு நாள் எங்கூட உக்காந்து கீபோர்டு சொல்லிக்குடுத்தாரு, அந்த சின்ன கடைல பாய் விரிச்சு படுத்தாரு. அவர் முகத்த பாத்துட்டு எப்படி திருடறது.

இத நெனச்சா முதல் நாள் எழுதினதுல ஒரு பாதிய வாபஸ் வாங்கணும். அந்த கம்பெனில மொத்தமே மூணு நாலு பேரு இருந்திருப்பாங்க. தமிழ் டிடிபி கடை எத்தன இருந்திருக்கும், அதுல காசு குடுத்தது எத்தன? அடுத்த சந்து கடை மாதிரி எல்லாரும் நூறு ரூபா சிடி வாங்கினா அவங்க வீட்ல அடுப்பு எப்படி எரியும். லாக்கு போட்டது தப்புன்னு நான் இப்ப சொல்ல மாட்டேன். அவங்களுக்கு வேற வழி இருந்திருக்காது.

என் வயித்தெரிச்சல் வேற. கடைய மூடும்போது சாவிய குடுத்துட்டு போயிருக்கலாம். இனிமே லாக்கு வேண்டாம், இந்தா லாக்கில்லாத ஃபான்ட்டுன்னு ஒரு சிடி, இல்லன்னா எந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு ஒரே ஒரு தாள். அடோபி அத செஞ்சாங்க, 2013ல போட்டோஷாப் எல்லாம் சேந்த சிஎஸ்2வோட ஆக்டிவேஷன் சர்வர நிறுத்தினப்ப ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்ப குடுத்தாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியால முடியுது. மூணு பேர் கம்பெனிக்கு ஒரு தாள் அடிக்கறது கஷ்டமா?

13 ஜூன் 2023, இரவு 9.50

பூட்டு ரெண்டுன்னு சொல்லணும். லாக்கு கண்ணுக்கு தெரியற பூட்டு. தெரியாத பூட்டு அந்த நம்பர் வரிசை. அந்த காலத்துல ஒவ்வொரு கம்பெனியும் 'க'வுக்கு ஒரு நம்பர் வெச்சிருந்தான், இவன் ஃபான்ட்ல அடிச்சத அவன் ஃபான்ட்ல பாத்தா குப்பை. அதனால ஒருதடவை ஒரு கம்பெனிகிட்ட போனா ஆயுசுக்கும் அங்கதான். 1999 பிப்ரவரில சென்னைல தமிழ்நெட் 99 மாநாடு போட்டு டாம், டாப்னு ரெண்டு வரிசைய தமிழ்நாடு அரசு தரப்படுத்துச்சு, ஆனா எங்களுக்கு வித்த சாஃப்ட்வேர்ல அதெல்லாம் இல்ல. எல்லா மொழிக்கும் பொதுவான நம்பர் வரிசை யூனிகோட், அதுல 1991லயே தமிழ் வந்தாச்சு, ஆனா பேஜ்மேக்கருக்கு கடைசி வரைக்கும் யூனிகோட் தெரியாது, 2001ல வந்த 7தான் அதோட கடைசி. அப்ப நாங்க எங்க போறது.

கண்டிவலில இருந்து ஒரு மாமா எழுதியிருந்தாரு, எண்பதுகள்ல ஃபோர்ட்ல ஒரு ஆபீஸ்ல லோட்டஸ் 1-2-3ங்கிற கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டினாராம், ஒரிஜினல் பிளாப்பி டிரைவ்ல இருந்தாத்தான் புரோகிராம் கெளம்பும், மழைக்காலத்துல அந்த பிளாப்பில பூஞ்சை புடிச்சு மொத்த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டும் உக்காந்திருச்சாம். பாம்பே மழைக்கும் இந்த பூட்டுக்கும் ஆகவே ஆகாது போல.

20 ஜூன் 2023, இரவு 12.15

தம்பி அனுப்பின ஃபைல எக்ஸ்பி மிஷின்ல தொறந்து, உள்ள இருக்கற எல்லா டெக்ஸ்ட் பிளாக்கையும் வெளிய எடுத்தாச்சு. அந்தேரில ஐடில இருக்கற என் அக்கா மகன் நம்பர மாத்தற புரோகிராம் எழுதறான். என் வேலை பட்டியல் போடறது: ஒரு பக்கம் எங்க கடைல 2001ல அடிச்ச கோயில் கொடை நோட்டீஸ், இன்னொரு பக்கம் அதே ஃபைல் நம்பரா. நம்பர் ஒண்ணு எழுத்து ஒண்ணுன்னு பென்சில்ல எழுதிட்டே வரணும். கு, கூ, டி, டீ எல்லாம் தனித்தனி நம்பரு. ஞூ, ஙு மாதிரி எழுத்து எந்த நோட்டீஸ்லயும் வரல, அத விட்டாச்சு, பாட்டியும் அத பாடியிருக்க மாட்டாங்க.

இந்த ஃபான்ட்டெல்லாம் கண்ணால பாக்கற வரிசைல எழுத்த வெச்சிருக்கும். 'கோவில்'னா முதல்ல ரெட்டைச்சுழி கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முதல்ல வரணும், கொம்பும் காலும் ஒண்ணா சேந்து பின்னாடி வரணும். இத அக்கா மகன் ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டான். பிரச்சனை ஔகாரத்துல வந்துச்சு. பழைய ஃபான்ட்ல 'கௌ'வோட பின்பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே நம்பரு, அதனாலதான் நெட்ல பாதி பேரு கெளரின்னு எழுதிட்டிருக்காங்க. அவன் கொம்பு, எழுத்து, ள வந்தா ஔகாரமா மாத்துன்னு எழுதிட்டான். உடனே 'தெளிவு' ஒடைஞ்சுபோச்சு. ள-வுக்கு பின்னாடி சுழி இருந்தா தொடாதன்னு அத சரி பண்ணான்.

பாட்டி பாட்ட போட்டோம். முதல் ஒப்பாரில ஒரு வரி, "மாடத்து வெளக்கணைஞ்சு மாசம் மூணு ஆச்சுதய்யா". திரையில என்ன வந்துச்சு தெரியுமா, வௌக்கஞ்சு. பாட்டி வெளக்குன்னுதானே பாடுவாங்க, விளக்குன்னா பாடுவாங்க, அந்த வெள-வ புடிச்சு ஔகாரமாக்கிருச்சு. அப்புறம் நடுவுல 'ணை' எங்க போச்சு? புக்குல அந்த பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பாத்தா அங்க பழைய ணை, தும்பிக்கை வெச்ச ணை! 1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடி எழுத்து. தம்பி, உங்கப்பாவும் எங்க அண்ணாச்சி மாதிரிதான், பழைய எழுத்துதான் லட்சணம்னு அதையே தேடிப்புடிச்சு அடிச்சிருக்காரு. அதுக்கு தனி நம்பரு, என் பட்டியல்ல இல்ல, புரோகிராம் முழுங்கிருச்சு. 'திருவண்ணாமலை' திருவண்மன்னு வந்ததும் இதனாலதான்.

21 ஜூன் 2023, காலை 6.45

ராத்திரி தூங்கல. பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை, இதுக்கெல்லாம் நம்பர் புடிச்சாச்சு, நல்லவேளை கரையான் விட்ட பக்கங்கள்ல எல்லாமே ஒருதடவையாவது வந்திருக்கு. பேச்சுத்தமிழ்ல வர்ற வெளக்கு, வெளயாட்டு, வெளஞ்ச, இதெல்லாம் மிஷினுக்கு புரியாது, கண்ணால ஒவ்வொண்ணா பாக்கணும். மொத்தம் 112 எடம். தம்பி, நீ உக்காந்து பாரு, உங்க பாட்டி குரல் உனக்குத்தான் தெரியும்.

2 ஜூலை 2023, இரவு 11.20

வாடகைக்கு எடுத்தா இந்த தலைவலி இல்லையே, லாக்கு இல்ல ஒண்ணும் இல்ல, லாகின் பண்ணா போதுமேன்னு ஒருத்தர். நானும் ஒரு டிசைன் சாஃப்ட்வேர மாச வாடகைல வெச்சிருக்கேன், பேரு வேண்டாம். போன வருஷம் ஆடில அம்மன் கோயில் நோட்டீஸ், விடிஞ்சா ஒட்டணும், ராத்திரி மழைல கேபிள் நெட் போச்சு. சாஃப்ட்வேர் லாகின் பண்ணுன்னு நிக்குது. காசு கட்டி பத்து நாள்தான் ஆகுது. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா கடைக்குள்ள சிக்னல் இல்ல, லேப்டாப்ப தூக்கிட்டு 90 அடி ரோட்டு முனைக்கு போய் குடைக்குள்ள நின்னு லாகின் பண்ணிட்டு ஓடி வந்தேன். லாக்காவது என் கைல இருந்துச்சு, களிமண்ண தொடைக்கவாவது முடிஞ்சுது.

இன்னும் ஒண்ணு, மைக்ரோசாஃப்ட் 2019ல மின்னூல் கடைய மூடினப்ப காசு குடுத்து வாங்கின புக்கெல்லாம் ஜனங்க கிட்ட இருந்து மறைஞ்சுபோச்சு, காச திருப்பிக் குடுத்தாங்கதான், ஆனா புக்கு போச்சு. அதுல குறிப்பு எழுதி வெச்சிருந்தவனுக்கு என்ன ஆகியிருக்கும். 2009ல அமேசான் கிண்டில்ல இருந்து வித்த புக்கையே ராத்திரியோட ராத்திரியா அழிச்சாங்க, அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. பழைய பேப்பர்காரன் கூட வீட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் எடுப்பான்.

3 ஜூலை 2023, காலை 10

"அப்ப என்னதான் பயன்படுத்தறது?" புது வேலைக்கெல்லாம் யூனிகோட் மட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோட் ஃபான்ட் இலவசமா குடுக்கறாங்க, நோட்டோ, லோகித், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமம், எத்தன மிஷின்லயும் போடலாம், யாருக்கும் குடுக்கலாம். நோட்டீஸ் வேலைக்கு இங்க்ஸ்கேப், புக்கு வேலைக்கு லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ் கத்துக்கிட்டிருக்கேன், கலர் பிரிக்கற விஷயத்துல இன்னும் கை வரல. அழகுன்னு பாத்தா அந்த பழைய ஃபான்ட்டு மாதிரி எதுவும் இல்ல, அத மனசார சொல்றேன். அதுல 'ழ' ஒரு வளைவு இருக்கும் பாருங்க, பத்திரிகைல மாப்பிள்ளை பேர அதுல அடிச்சா வீட்டுக்காரங்க கையால தடவிப் பாப்பாங்க. அத வரைஞ்சவருக்கு கண்டிப்பா காசு போயிருக்கணும். இன்னைக்கு அவர் வந்து வித்தாலும் வாங்குவேன், லாக்கு இல்லாம.

26 ஜூலை 2023, இரவு 10.05

பதினெட்டு வருஷம். இன்னைக்கும் மழைதான். அண்ணாச்சி மக பேலாப்பூர்ல தேடிப் பாத்தா, மாத்து லாக்கு கெடைக்கல.

தம்பி புக்கு முடிஞ்சுது, 64 பக்கம், கரையான் தின்ன எட்டு பக்கமும் சேத்து. அதுல ஒரு தாலாட்டு இருக்கு, அவன் அம்மாவுக்கே அது மறந்துபோச்சாம், போன்ல படிச்சுக் காட்டினப்ப ரெண்டாவது அடில இருந்து அவங்களே பாட ஆரம்பிச்சுட்டாங்களாம்.

இப்ப எங்க கடை ஃபைலையும் மாத்திட்டு வாரேன், 1999ல இருந்து 2014 வரைக்கும், ரெண்டாயிரத்துக்கு மேல. ஒரே ஒரு நம்பர் மட்டும் பிடிபடல. 2012க்கு முந்தின எங்க ஃபைல் எல்லாத்துலயும் இருக்கு, தம்பி ஃபைல்ல இல்லவே இல்ல. ஒவ்வொரு ஃபைல்லயும் ஒத்தையா ஒரு குட்டி டெக்ஸ்ட் பிளாக், அதுல இந்த ஒரு எழுத்து மட்டும், வேற ஒண்ணும் இல்ல. அச்சடிச்ச நோட்டீஸ்ல தேடினா அப்படி ஒரு எழுத்தே கெடையாது. குப்பைன்னு அக்கா மகன் அழிக்கச் சொல்றான். எனக்கு அழிக்க மனசு வரல, அடிக்காம எப்படி ஒரு எழுத்து வரும்?

13 ஆகஸ்ட் 2023, மத்தியானம் 3.40

லாக்கு ஓடிச்சு! இன்னைக்கு காலைல எக்ஸ்பி மிஷின தொடைக்கும்போது சும்மா சொருகி ஆன் பண்ணேன், ஒன்பது வருஷமா செத்துக் கெடந்தது, தமிழ் வந்துச்சு. கை நடுங்கிருச்சு. எப்ப போகும்னு தெரியாது, பேஜ்மேக்கர்ல நம்பர் வரிசையா எல்லா எழுத்தையும் ஒரு தாள்ல அடிச்சு லேசர்ல பிரிண்ட் எடுத்தேன். நாப்பது நிமிஷம் ஓடிச்சு, அப்புறம் லாக்க காணோம்னு வந்துச்சு, அதோட சரி. ஃபான்ட்ட எடுக்கல, அது அவங்களது. எந்த நம்பருக்கு எந்த எழுத்துங்கிற பட்டியல் மட்டும்தான். ஞூ, ஙு கூட இருக்கு. இதே சாஃப்ட்வேர் ஃபைல் வெச்சிருக்கறவங்க கேளுங்க, அனுப்பறேன், கடைக்கு வந்தா கைலயே தரேன்.

அந்த பிடிபடாத நம்பரு. தாள்ல பாத்ததும் நாற்காலில உக்காந்துட்டேன். பிள்ளையார் சுழி. லாக்கு உயிரோட இருந்த அந்த கொஞ்ச நேரத்துலயே 2001 கொடை நோட்டீஸ் ஃபைல தொறந்து பாத்தேன், பக்கத்துக்கு வெளிய, இடது பக்க மேல் மூலைல, பிரிண்ட்ல வராத எடத்துல சின்னதா இருக்கு. அண்ணாச்சி ஒவ்வொரு புது ஃபைலையும் அவரே தொறந்து ஏதோ ஒரு கீய தட்டிட்டுத்தான் எங்கள உக்கார வைப்பாரு. மார்ஜின் செட் பண்றாருன்னு பதினாலு வருஷமா நெனச்சுட்டிருந்தேன்.

அக்கா மகன்கிட்ட சொல்லிட்டேன், அந்த நம்பருக்கு 'உ' போடுன்னு.